சரக்கு அசையாத நான்கு நாள்

சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் காலை. அழகர் ஆற்றில் இறங்கி, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போய், வீடு நான்கு நாளைக்குப் பிறகு மூச்சு விட்டது. நான் பவளம் வளர்க்கும் கடல் நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குப்பியில் எடுத்த தண்ணீர் நீலத்திலிருந்து ரோஸாக மாறும் வரை சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். கை லேசாக நடுங்கியது. காரணம், அதற்குக் கொஞ்சம் முன்புதான், பவளத்துக்கு வேண்டிய கரைசல்களைத் தொட்டியில் சொட்டவிடும் டோசிங் பம்ப் நான்கு நாளாக ஓடவே இல்லை என்று தெரிந்திருந்தது. யாரோ விருந்தாளி செல்போனுக்கு சார்ஜ் போட இடமில்லாமல் எக்ஸ்டென்ஷன் போர்டையே பிடுங்கிவிட்டு, தன் சார்ஜரைச் செருகியிருக்கிறார். கரைசல் பாட்டில்கள் திருக்கல்யாணத்தன்று நான் ரொப்பிய அளவிலேயே நின்றன. என் தொட்டியில் கே.எச்., அதாவது பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவு, ஒரு நாளைக்கு 0.8 குறையும். ரொப்பிய அன்றைக்கு 8.3 இருந்தது. நான்கு நாள் ஒன்றும் ஊற்றவில்லை என்றால் 5.1-க்கு வந்திருக்க வேண்டும். பவளங்கள் இருக்கும் தொட்டியில் அது கிட்டத்தட்டத் திவால்.

குப்பி ரோஸானது. சிரிஞ்சைப் படித்தேன். 8.1.

நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். 8.1-தான். அப்போது வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒன்றரை வருடமாக இந்த எண்ணை ஒரு இடத்தில் நிற்க வைக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தொட்டி பக்குவப்பட்டுவிட்டது, தானாக நிற்கப் பழகிவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். போர்டைத் திரும்பச் செருகினேன். பம்ப் டிக் டிக்கென்று ஆரம்பித்தது. அதே போர்டில் இருந்த இரண்டு சின்ன ஃபேன்களும் சுற்ற ஆரம்பித்தன. அதைக் கவனித்தேனா என்றால், கவனித்தேன். யோசிக்கவில்லை.

அப்பா திண்ணையில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். நாலு நாள் எதுவும் போடவில்லை, ஆனாலும் குறையவே இல்லை அப்பா என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னடா, சரக்கு அசையலேங்கிறத இவ்வளவு சிரிச்சுக்கிட்டுச் சொல்ற? நாலு நாளா கடையில சாமான் போகலேன்னா எந்தக் கடைக்காரனுக்குடா தூக்கம் வரும்?"

கீழமாசி வீதியில் முப்பத்தெட்டு வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். எல்லாவற்றையும் கடையாகத்தான் பார்ப்பார். அவருக்குத் தண்ணீர்க் கெமிஸ்ட்ரி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கல்லாவும் கிடங்கும்

எனக்குத் தொழில் கணக்கு. சின்ன வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதம் இருபதாம் தேதி நெருங்கினால் என்னிடம் யாரும் பேச முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடல் தொட்டி வைக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. கடல் இல்லாத ஊர்க்காரனுக்குக் கடல்மேல் ஆசை வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மூன்றடி நீளத் தொட்டி, கீழே சம்ப் என்கிற துணைத் தொட்டி, பாறையெல்லாம் கழித்துப் பார்த்தால் சுமார் 180 லிட்டர் தண்ணீர். போர் தண்ணீரை இதற்குள் விட முடியாது. எங்கள் பகுதிப் போர் தண்ணீரில் சோறு வடித்தாலே பானை விளிம்பு வெள்ளை பூத்துவிடும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர், அதில் கடல் உப்புக் கலவை.

"ராமேஸ்வரம் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு பவளத்த எடுத்துட்டு வந்துர வேண்டியதுதானே" என்று கேட்காத விருந்தாளி இல்லை. எடுக்க முடியாது. 2001-லிருந்து கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்கு உள்ள இடம். என்னிடம் இருப்பவை தொட்டியிலேயே வளர்த்து வெட்டி விற்ற வெளிநாட்டுத் துண்டுகள். ரசீது, இறக்குமதிப் பேப்பர் எல்லாம் கேட்டு வாங்கி ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். தொழில் புத்தி.

கல் பவளம் வளர்வது என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, சுண்ணாம்புக்கல்லாகத் தன் எலும்பைக் கட்டிக்கொள்வது. கடலில் அதற்குப் பஞ்சமில்லை. தொட்டியில் நாம்தான் நிரப்ப வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில்தான் செலவாகும். கே.எச். 2.8 குறைந்தால் கால்சியம் சுமார் 20 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, குறையும். என் தொட்டியில் ஒரு நாளைக்கு 0.8 என்றால், கால்சியம் ஆறு பி.பி.எம். கூட இல்லை. இயற்கைக் கடல் நீரில் கால்சியம் 420 அளவில் இருக்கும், கே.எச். சுமார் ஏழுதான். 420-இல் ஆறு போனால் வீட்டு டெஸ்ட் கிட்டுக்குத் தெரியவே தெரியாது. எட்டில் 0.8 போனால் பத்தில் ஒரு பங்கு. கால்சியம் கிடங்கில் அடுக்கிய மூட்டை, கே.எச். கல்லாப்பெட்டிச் சில்லறை. வியாபாரம் நடக்கிறதா என்று பார்க்கக் கிடங்குக்குப் போக வேண்டாம், கல்லாவைத் திறந்தால் போதும். இந்த உவமை எனக்கே பிடித்துப்போய்ப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, கல்லாவில் இருப்பு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதத்தில் ஒரு நாள் கே.எச். 6.4 காட்டியது. பயந்துபோய் அன்றைக்கே ஒன்பதாக்க நினைத்தேன். சமையல் சோடாவை ஓவனில் வறுத்து சோடியம் கார்பனேட் ஆக்கி வைத்திருந்தேன். அதைக் கரைத்து ஊற்றினேன். பின்னாடியே, கால்சியமும் குறைந்திருக்குமே என்று கால்சியம் குளோரைடு கரைசலையும் அதே மூலையில் ஊற்றினேன். நடுத்தொட்டியில் பனி பெய்தது. இரண்டும் பவளத்தைத் தேடிப் போகாமல் தங்களுக்குள்ளேயே சேர்ந்து சுண்ணாம்பாகி இறங்கிவிட்டன. கடல் நீரே தாங்கக்கூடியதைவிட அதிகமான சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கும் நீர்தான். மெக்னீசியம் 1300 பி.பி.எம். அளவில் இருந்து அதைப் படியவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நாம் ஒரே இடத்தில் இரண்டையும் கொட்டினால் மெக்னீசியம் என்ன செய்யும் பாவம். மோட்டாரின் உள்ளே கல் பிடித்து நின்றுபோனது. வெந்நீர் ஹீட்டர் கம்பியை அம்மா சுத்தம் செய்கிற மாதிரி வினிகரில் ஊறப்போட்டு எடுத்தேன். அதற்குப் பிறகுதான் பம்ப் வாங்கி, சோடாவை ஒரு நேரம், கால்சியத்தை இன்னொரு நேரம் என்று சொட்டவிட ஆரம்பித்தேன்.

அந்த அடி ஒரு பாடத்தை மண்டையில் ஆணி அடித்துவிட்டது: எண் அசையக்கூடாது. பவளம் வளர்க்கிற எல்லோரும் ஓயாமல் சொல்வதும் அதுதான். எட்டா, ஒன்பதா என்பதுகூட முக்கியமில்லை, தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தப்பான பேச்சில்லை. ஆனால் அதை நான் பிடித்துக்கொண்ட விதம் தப்பு.

ஏறிய எண்

போர்டைச் செருகி இரண்டு நாள் கழித்து வழக்கம்போல டெஸ்ட் எடுத்தேன். 9.6.

முதலில் கிட்டைச் சந்தேகப்பட்டேன். மருந்துக் குப்பியின் தேதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பம்ப் அதிகமாகச் சொட்டுகிறதோ என்று அளவுக்குழலில் பிடித்துப் பார்த்தேன். அதே அளவு. மாற்றம் எதுவும் இல்லாமல் எண் மட்டும் இரண்டு நாளில் 1.5 ஏறியிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, என் கட்சிக்காரர்களின் கணக்கு டாலி ஆகாதபோது செய்வது போலக் கீழிருந்து மேலே பார்த்தேன். தினமும் நான் போடுவது 0.8. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அப்படியானால் இரண்டு நாளில் 1.6 தேங்க வேண்டும். தேங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய நான்கு நாள் நான் போடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது ஆறு நாளாக இந்தத் தொட்டியில் யாரும் எதையும் வாங்கவில்லை.

அப்பா சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 26.9. எப்போதும்போல. அது அதிகபட்ச வெப்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிற டிஜிட்டல் சாமான், வாங்கிய நாளிலிருந்து அந்தப் பொத்தானை நான் அமுக்கியதே இல்லை. அமுக்கினேன். 32.1 என்று காட்டியது. மதுரைச் சித்திரை வெயிலில், கூடத்தில் இருபது பேர், ஃபேன் ஓடாத தொட்டி. அந்த ஃபேன்கள் சம்ப் தண்ணீரின்மேல் காற்றடித்து ஆவியாக்கித்தான் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டிருந்தன. பேரன் பேத்திகள் போட்ட சத்தத்தில் அவை நின்றது எனக்குக் கேட்கவில்லை.

பிறகு டார்ச் அடித்துப் பவளங்களைப் பார்த்தேன். அதுவரை பார்க்கவில்லையா என்றால், தினமும் பார்த்தேன். எட்டு புள்ளி ஒன்று என்று தெரிந்தபின் பார்த்ததால் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. பேர்ட்ஸ் நெஸ்ட் என்கிற கிளைப் பவளம் அடியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. தட்டு மாதிரி வளரும் மாண்டிபோரா பவளத்தின் விளிம்பில் எப்போதும் இருக்கும் வெளிர் வளர்ச்சிக் கோடு இல்லை, தட்டு முழுக்கவே வெளிறியிருந்தது. சூடு தாங்காமல் தன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிகளைப் பவளம் வெளியே தள்ளிவிட்டால் இப்படித்தான் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 1998-இலும் 2016-இலும் கடல் சூடானபோது பெரிய அளவில் நடந்ததும் இதுதான். அங்கே பிளக்கைத் திரும்பச் செருக முடியாது.

"யாராச்சும் தெரியாமப் பிடுங்கிருப்பாய்ங்க, விடு" என்றாள் மனைவி. பிடுங்கியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னை அரித்தது வேறு. தொழிலில் நான் தினமும் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது, வங்கி இருப்பை மட்டும் பார்த்துத் தொழில் நன்றாகப் போகிறது என்று நினைக்காதீர்கள் என்பது. வரவும் இல்லாமல் செலவும் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கடைக்கும் மாசக் கடைசியில் அதே இருப்புதான் இருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் செத்த கடையும் நடக்கிற கடையும் ஒரே மாதிரி தெரியலாம். இதை ஊருக்கே சொல்கிற நான், ஒன்றரை வருடமாக நோட்டில் எழுதி வந்தது முழுக்க இருப்பு மட்டும். 8.2, 8.3, 8.2, 8.3. எவ்வளவு போட்டேன், எவ்வளவு போனது என்று ஒரு பத்திகூட இல்லை. குறைவதை ஏதோ ஓட்டை போலப் பார்த்து அடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறைவுதான் பவளம்.

கணக்குப் போட்டால் இன்னும் உறைக்கும். 180 லிட்டரில் கே.எச். 0.8 குறைகிறது என்றால், அன்றைக்கு மட்டும் சுமார் இரண்டரை கிராம் சுண்ணாம்புக்கல் தண்ணீரிலிருந்து திடப்பொருளாகியிருக்கிறது. மாதத்துக்கு எழுபத்தைந்து கிராம். என் கண்முன்னால் ஒரு கைப்பிடிக் கல் தினம் தினம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதை நான் மைனஸ் குறி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

பம்பை நிறுத்தினேன். ஏறியதை இறக்க ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் மாற்றக்கூட இல்லை. நோயாளியின் படுக்கையை இழுத்துப் போடுகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. பேர்ட்ஸ் நெஸ்ட் நான்காம் நாள் முழுதாகப் போய்விட்டது. ஹேமர் பவளம் ஒரு வாரம் சுருங்கிக் கிடந்து பிறகு விரிந்தது. மாண்டிபோரா மட்டும் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் வெளிறியபடியே இருந்தது. தினமும் சாயங்காலம் துளி எண்ணினேன். 9.6. 9.6. 9.5. கிட்டின் தடுமாற்றமாகவும் இருக்கலாம். 9.5. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ 9.3. அடுத்த நாள் 9.2. ஒன்றரை வருடமாகக் குறைந்தால் திட்டிய எண் குறைவதைப் பார்த்து, அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சுண்ணாம்பு

ஆனி மாதம் வாக்கில் பாட்டில் கரைசல்களைக் குறைத்துச் சுண்ணாம்புத் தண்ணீருக்கு மாறினேன். இதற்குக் காரணம் பாதி கெமிஸ்ட்ரி, பாதி அப்பா. கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுவதற்கு வெளிநாட்டில் கால்க்வாசர் என்று பெயர். ஜெர்மன் வார்த்தை, அர்த்தம் சுண்ணாம்புத் தண்ணீர். இதில் கால்சியமும், கே.எச்.-ஐ ஏற்றும் காரமும் பவளம் கேட்கிற விகிதத்திலேயே இருப்பதால் ஒன்று கூடி ஒன்று குறைகிற பிரச்சினை கிடையாது. என்ன தொல்லை என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சத்துக்கு மேல் கரையாது. ஆகவே நிறையத் தண்ணீர் விட வேண்டும், அதற்குத் தொட்டியில் இடம் வேண்டும். ஆவியாகிப் போகும் அளவுக்குத்தான் விட முடியும். குளிர்ந்த நாட்டுக்காரர்கள் இதற்கு அலைகிறார்கள். இங்கே ஃபேன் ஓடினால் கோடையில் நாளுக்கு மூன்று லிட்டர் பறந்துவிடும். என் தொட்டி நன்றாகத் தின்ற காலத்துக் கணக்குக்கே ஒன்றேகால் லிட்டர் தெளிவு போதும். எங்கள் ஊர் வெயிலால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

முதல் தடவை வாளியில் கலக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். நான் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன். "கலக்கிட்டு விட்டுர்றா. காலைல பாரு, கண்ணாடி மாதிரி நிக்கும். மேல ஆடை கட்டும், அத உடைக்காம எடுக்கணும்" என்றார். அந்த ஆடை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மறுபடி சுண்ணாம்புக்கல்லானது. பிளஸ் டூவில் குழல் வைத்து ஊதி, தண்ணீர் பால் போல ஆவதைப் பார்த்திருக்கிறோமே, அதேதான். அவர் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்புடா, இதையே போடேன் என்றார். அதில் வேறு என்ன சேர்ந்திருக்கும் என்று தெரியாததால் லேப் தரத்துக்குத்தான் வாங்கினேன். அதை அவரிடம் விளக்கப் போய், பவளத்துக்கு மட்டும் சுத்தமான சுண்ணாம்பு, அப்பன் வாய்க்கு எது வேணாலும் போகலாமா என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுண்ணாம்பு கூடினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வாய் வெந்துபோகும். தெளிவின் பி.எச். 12-க்கு மேல். வேகமாக விட்டால் தொட்டியும் வெந்துபோகும். அதனால்தான் ராத்திரியில் விடுகிறேன். விளக்கணைந்து பாசிகள் ஓய்ந்த பிறகு பி.எச். தானாக இறங்கும் நேரம் அது.

ஒரு ராத்திரி சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு அவர் ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து கடல் கல்லை வண்டி வண்டியாக வெட்டிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பு நீற்றுவார்களாம். உண்மைதான். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பல வருடம் பவளப் பாறையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் இருபத்தொரு தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்ததற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். பவளத்தைச் சுட்டால் சுண்ணாம்பு. நான் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறேன். அந்தக் கணக்கில் என் எழுபத்தைந்து கிராம் எந்த மூலைக்கு என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

நோட்டில் இப்போது மூன்று பத்திகள். போட்டது, இருப்பு, போனது. முதல் இரண்டையும் அம்மா எப்போதாவது கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பார். மூன்றாவதைக் கேட்பது அப்பா. சோழவந்தான் வெற்றிலையைத் துடைத்து மடியில் பரப்பிக்கொண்டே கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"என்னடா, இன்னைக்கு யாவாரம் எப்படி?"

"0.5 போயிருக்குப்பா."

"ஆடி மாசம்ல, மந்தமாத்தான் இருக்கும்" என்பார், விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்தபடி. ஆடிக்கும் பவளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நானும் திருத்துவதில்லை.